இணையம் அறுபடுவது ஏன்?

சிவகாசியில் சிறியதோர் அச்சகம் நடத்திவரும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்து முறையிட்டார். அவருடைய வீட்டின் முன்கட்டிலே படங்களைத் தயார் செய்யும் அறை இருக்கிறது. அதில் இரண்டு கம்ப்யூட்டர்கள். பின்கட்டிலே காகிதம் வெட்டும் இயந்திரம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி அச்சகத்தாரின் வழக்கம் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அதற்கு முந்திய வாரங்களில் படங்களை வெளியூர் வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பி, நிறம் சரி, எழுத்தும் சரி என்று அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். ஒவ்வொரு படமும் சில நூறு மெகாபைட் கனமுள்ளது. முக்கால் பங்கு போய்ச் சேர்ந்திருக்கும் தருணத்தில் இணையம் அறுந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்விதம் ஒரு நாளில் எட்டு முறை, பத்து முறை. பொறுத்துப் பார்த்த வாடிக்கைக்காரர் ஒருவர் தம்முடைய ஆர்டரை வேறோர் அச்சகத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

"கம்பெனிக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள்" என்பது நண்பரின் கட்சி. "லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு உங்கள் வீட்டில்தான்" என்பது கம்பெனியின் கட்சி. நண்பர் ரூட்டர் பெட்டியை இரண்டு முறை மாற்றிவிட்டார். பயனில்லை. இருவர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருந்தது என்பது பின்னால் வெளியாயிற்று. அது வெளியான விதத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது அற்ப விஷயமா?

வீட்டு மூலையிலே கிடக்கும் ஒரு சிறு பெட்டியின் கோளாறைப் பற்றித் தினசரிப் பத்திரிகை பேசுவானேன் என்று சிலர் கேட்கக் கூடும். அவர்கள் இன்றைய நிலைமையைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். 1995-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு முதன்முதலாக இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில் அது வசதியுள்ள சிலருடைய சௌகரியமாக இருந்தது. இன்று அவ்வாறன்று. 2017 ஜூலை 1-ந் தேதி முதல் வியாபாரிகள் ஜி.எஸ்.டி. கணக்கை இணையத்தின் வழியாகவே ஒப்புவித்து வருகிறார்கள். கெடு தவறினால் நாள் கணக்கில் தண்டம் உண்டு. 2018 ஏப்ரல் 1-ந் தேதி முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவதாயின், லாரி புறப்படு முன்னரே இ-வே பில் எடுத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய நாட்களில் சாத்தூர் சாலையிலே பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போக நிற்கும் லாரி, கணக்குப்பிள்ளையின் மேஜை மேலுள்ள பெட்டியில் பச்சை விளக்கு எரிவதை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. அவசரத்துக்குக் கைப்பேசி இணையத்தைக் கொண்டு ஒரு பில்லை எடுத்துவிடலாம், மெய்தான். ஆனால் ஒரு காலண்டரின் 12 படங்களையும், ஒரு மாணவனின் இரண்டு மணி நேர வகுப்பையும் அவ்விதம் கைப்பேசியிலேயே ஒப்பேற்றிவிட முடியாது.

தேசத்தின் உயர்ந்த நியாயஸ்தலமும் இவ்விஷயத்தை அற்பமாகக் கருதவில்லை. 2020 ஜனவரி 10-ந் தேதி அனுராதா பாசின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இணையத்தின் வழியாகக் கருத்தை வெளியிடும் சுதந்திரமும் தொழில் நடத்தும் சுதந்திரமும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை என்று தீர்ப்புக் கூறிற்று. அதற்கு முந்திய வருஷம் செப்டம்பரில் கேரள ஹைக்கோர்ட்டு, ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஓர் அங்கம் என்று கூறியது. உரிமை தீர்ப்பிலே இருக்கிறது. அதை அனுபவிப்பதற்கான வாயிலோ நம் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் பெட்டி. 2011 அக்டோபரில் மத்திய சர்க்கார் அனுமதித்த கண்ணாடியிழை வலைத் திட்டம் பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் அதன் மூலம் இணைப்பதற்கு டான்ஃபிநெட் என்ற நிறுவனமே அமைக்கப்பட்டது. கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் ஊர் வாசலுக்கு வந்து சேரும் ஒளி, கடைசி நூறு கஜத்தில் அணைந்து போகுமானால் அத்தனை செலவும் விழலுக்கிறைத்த நீராகும் அன்றோ?

நான்கு கண்ணிகள்

பழுதைக் கண்டுபிடிப்பதற்கு முன் பொருள் எவ்வாறு வேலை செய்கிறதென்று தெரிந்துகொள்வது அவசியம். வெளியூரிலிருந்து வரும் செய்தி நம் கைப்பேசியை அடைவதற்கு ஒரு சங்கிலி இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியில் நான்கு கண்ணிகள். முதலாவது, தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழை. இதற்குள்ளே செய்தி ஒளியாக ஓடிவருகிறது. இரண்டாவது, அந்த ஒளியை மின்குறிகளாக மாற்றி, வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ரூட்டர். மூன்றாவது, ரூட்டருக்கு உயிர் கொடுக்கும் மின்சாரமும் அதை அளவாகக் குறைத்துக் கொடுக்கும் அடாப்டரும். நான்காவது, பெட்டியிலிருந்து கைப்பேசிக்கு ஆகாயத்தின் வழியாகச் செல்லும் ரேடியோ அலை. இதைத்தான் வைஃபை என்கிறோம்.

இவற்றுள் இரண்டு கண்ணிகள் நம் நாட்டார் இருவரை நினைவூட்டுகின்றன. வளைந்து செல்லும் கண்ணாடியிழைக்குள் ஒளி தங்கி ஓடும் என்பதை ஆராய்ந்து காட்டியவர்களுள் முக்கியமானவர் பஞ்சாபிலே பிறந்த நரீந்தர் சிங் கபானி. ஆகாய அலைகளைப் பற்றியோ, வங்கத்து ஜகதீச சந்திர போஸ் 1895-ல் கல்கத்தாவிலே, கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, தூரத்திலிருந்த மணியை அடிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். வெடிமருந்தோடு பிழைக்கும் சிவகாசியார் இந்தச் செய்தியைக் கேட்டால் மகிழ்வார்கள்.

இணையம் அறுபடும்போது இந்த நான்கு கண்ணிகளில் எது விட்டது என்பதே கேள்வி. அநேகர் இதைக் கேட்பதில்லை. எடுத்த எடுப்பில் பெட்டியை மாற்றுகிறார்கள், அல்லது கம்பெனியை வைகிறார்கள். வயிற்று வலிக்காரனுக்குப் பல்லைப் பிடுங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தொடுமுன் பாருங்கள்

இணையம் நின்றதும் நம்மவர் செய்யும் முதற்காரியம் ஸ்விட்சை அணைத்துப் போடுவது. பெரும்பாலும் இணைப்புத் திரும்பிவிடுகிறது, திருப்தியும் ஏற்பட்டுவிடுகிறது. ஆனால் அந்த ஒரு செய்கையால் பழுதின் சாட்சியம் முழுவதும் அழிந்துபோய்விடுகிறது. களவு நடந்த வீட்டைப் போலீஸார் வருமுன் பெருக்கி மெழுகிவிட்டால் கள்வன் அகப்படுவானா? ஆகவே, இணைப்பு நின்ற மாத்திரத்தில் பெட்டியைத் தொடாமல் அதன் விளக்குகளைப் பார்க்க வேண்டும். அவை நான்கு விதமான வாக்குமூலங்களைக் கொடுக்கின்றன.

எல்லா விளக்குகளும் அணைந்து, ஒவ்வொன்றாக மீண்டும் எரியத் தொடங்கினால், பெட்டிக்கு மின்சாரம் ஒரு கணம் நின்றிருக்கிறது, அல்லது பெட்டியே சூட்டினாலோ கோளாறினாலோ மறுபிறவி எடுத்திருக்கிறது. எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால், கண்ணாடியிழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பான் என்ற விளக்கு நிலையாக எரிய, இன்டர்நெட் விளக்கு மாத்திரம் அணைந்திருந்தால், ஒளி வருகிறது, ஆனால் கம்பெனியின் அப்புறத்து இயந்திரம் நம் இணைப்பை அங்கீகரிக்கவில்லை. எல்லா விளக்குகளும் ஒழுங்காகப் பச்சையாக இருக்கையில் கைப்பேசியில் மட்டும் இணையம் நின்றால், குற்றம் அநேகமாக வைஃபை அலையினிடத்தில் இருக்கிறது.

விளக்குகள் கூறுவதை உறுதி செய்துகொள்ள இன்னொரு பரிசோதனை உண்டு. ஒரு கம்ப்யூட்டரை லேன் கேபிள் கொண்டு நேரே ரூட்டரில் மாட்டுங்கள். கைப்பேசிகளில் இணைப்பு அறும்போது கேபிளில் உள்ள கம்ப்யூட்டருக்கு அறவில்லையானால் வைஃபை ஒன்றே குற்றவாளி. தெருக்கம்பியும் கம்பெனியும் விடுதலை. இரண்டும் ஒருங்கே நின்றால் விசாரணை வாசலை நோக்கி நகரவேண்டும். கம்ப்யூட்டரில் பிங் என்னும் கட்டளையை இரண்டு ஜன்னல்களில் ஓடவிட்டு, ஒன்றில் ரூட்டரின் விலாசத்தையும், பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1, மற்றொன்றில் 8.8.8.8 போன்ற வெளி விலாசத்தையும் கேட்டுக்கொண்டே இருக்கச் செய்யலாம். ரூட்டர் பதில் சொல்ல, வெளியிலிருந்து பதில் வராது போனால் பழுது வீட்டுக்கு வெளிப்புறம். ரூட்டரே பதில் சொல்லாவிட்டால் பழுது வீட்டுக்குள். இரண்டு விலாசங்களிலிருந்தும் பதில் வந்துகொண்டிருக்க, தளங்களின் பெயரை இட்டால் மாத்திரம் திறக்காமற்போனால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற பகுதி தடுமாறுகிறது; ரூட்டரின் அமைப்பில் வேறொரு டி.என்.எஸ். விலாசத்தை எழுதினால் அது தீர்ந்துவிடும்.

இவையெல்லாவற்றையும் விடச் சிறந்த கருவி ஒரு நாலணா நோட்டுப் புத்தகம். அறுந்த மணி, விளக்குகளின் நிலை, அந்நேரம் மழையா, காற்றா, மின்சாரம் மினுக்கியதா, வீட்டில் எந்த இயந்திரம் ஓடிற்று என்பவற்றை ஏழு நாட்கள் எழுதி வைத்தால், பழுது தன் வழக்கத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

நண்பர் வீட்டு விசாரணை

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். "ஆர்டர் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் டயரி எழுதச் சொல்கிறீர்களே" என்றார். ஆயினும் எழுதினார். ஏழாம் நாள் அந்த நோட்டைப் புரட்டியபோது அவரே வியந்து போனார். அறுபட்டவை மொத்தம் 46. அவற்றில் 37 பகலில், வேலை நேரத்தில் நடந்தவை. ஞாயிற்றுக்கிழமையன்று பகலில் ஒன்றுகூட இல்லை. அந்த 37 தடவைகளிலும் விளக்குகள் எல்லாம் அணைந்து அணைந்து எரிந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பது எது? காகிதம் வெட்டும் இயந்திரம். ரூட்டரின் அடாப்டர் எந்தப் பிளக்கில் இருக்கிறதென்று பார்த்தோம். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் பொதுவான ஒரே மின்வழியில், ஏற்கெனவே நான்கு பிளக்குகள் திணிக்கப்பட்ட ஒரு நீட்டிப்புப் பெட்டியில், அதுவும் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் மோட்டார் கிளம்பும்பொழுதெல்லாம் அந்த வழியில் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்கிறது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது ஒரு சிறு மினுக்கல். ரூட்டருக்கோ அது மரணம். மறுபடி உயிர்த்து, ஒளியைத் தேடி, கம்பெனியிடம் அடையாளம் கூறி, இணைப்பைப் பெற இரண்டு மூன்று நிமிஷங்கள் ஆகின்றன. இரண்டு முறை பெட்டியை மாற்றினாரே, ஏன் தீரவில்லை என்றால், புதுப் பெட்டியையும் அதே ஆடும் பிளக்கில், அதே பழைய அடாப்டரில் மாட்டியிருந்தார். அடாப்டரும் வயதாக ஆகத் தளர்வது. அதன்மேல் அச்சிட்டிருக்கும் 12 வோல்ட்டைப் புதிதில் தாங்கிப் பிடிக்கும். வருஷங்கள் சென்றபின் வேலை மிகும் நேரத்தில் அதனால் முடிவதில்லை.

ரூட்டருக்குத் தனிச் சுவர்ப் பிளக்கு, புதிய அடாப்டர், அதனுடன் கையடக்கமான ஒரு சிறு யு.பி.எஸ். இவ்வளவுதான் வைத்தியம். ஒரு புதிய ரூட்டரின் விலைகூட ஆகவில்லை. இவற்றோடு, தகரக் கூரைக்குக் கீழே பீரோவின் உச்சியில் துணிமூடிக் கிடந்த பெட்டியையும் கீழே இறக்கிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். சித்திரை வைகாசியில் நம் ஜில்லாவின் வெயில் எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. உடம்பெல்லாம் மூச்சுத் துவாரமாக அந்தப் பெட்டியைச் செய்திருப்பது அழகுக்காக அல்ல.

பகல் நேரத்துப் பழுது அன்றே நின்றது. மீதி ஒன்பது? அவை நிற்கவில்லை. நோட்டைத் திரும்பப் பார்த்தோம். அவை யாவும் மாலையில் காற்று எழும்பிய வேளைகளில் நிகழ்ந்தவை. ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு மினுக்கியிருக்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலே வந்து சேரும் ஒளியின் அளவு டி.பி.எம். என்னும் கணக்கில் காட்டப்படும். அது சாதாரணமாக மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 வரையில் இருக்க வேண்டும். மைனஸ் எண் 3 கூடுந்தோறும் ஒளி பாதியாகக் குறைகிறது. காற்றில்லாத காலையில் நண்பர் வீட்டில் அது மைனஸ் 22. காற்று வீசிய மாலையில் மைனஸ் 28, பிறகு ஒன்றுமேயில்லை. வீட்டுக்குள்ளே இழை எங்கும் மடிந்திருக்கவில்லை. பச்சை நிறக் கனெக்டர் சரியாகவே பொருந்தியிருந்தது. ஆகவே இந்தக் குற்றம் வெளியே, கம்பத்தில். நண்பர் இம்முறை கம்பெனிக்கு ஃபோன் செய்து கத்தவில்லை. ஒன்பது தேதிகள், ஒன்பது மணிகள், இரண்டு ஒளி அளவுகள் ஆகியவற்றை எழுதி அனுப்பினார். மறுநாளே லைன்மேன் வந்தார். கம்பத்திலே இழை ஓர் இரும்புக் கொக்கியில் உராய்ந்து, காற்றில் ஆடும்போதெல்லாம் கூர்மையாக மடிந்துகொண்டிருந்தது. வெட்டி ஒட்டிக் கட்டிவிட்டுப் போனார். அன்று முதல் அந்த வீட்டில் இணையம் அறுபடவில்லை.

ஒரு சிறு மணலின் உராய்வு என்ன செய்யும் என்பதைப் பட்டாசுத் தொழிலாளிக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சிறிய காரணத்துக்குப் பெரிய பலன் உண்டென்பதை இந்த வட்டாரம் துக்கத்தோடு கற்றிருக்கிறது. அந்தக் கவனத்தில் ஒரு பங்கையே இங்கும் கேட்கிறோம்.

ஆகாயத்தில் நெருக்கடி

நண்பர் வீட்டில் வைஃபை குற்றவாளியாக இல்லை. பல வீடுகளில் அதுவே குற்றவாளி என்பதால் அதைப் பற்றியும் சில வார்த்தைகள். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் நடக்கிறது. முதலாவதை 2005-ல் நம் சர்க்கார் லைசென்ஸ் இல்லாமலே எவரும் உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். யாவருக்கும் பொதுவான சந்தை எப்படியிருக்குமோ அப்படியே அதுவும் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத், பக்கத்து வீட்டார் பத்துப் பேரின் ரூட்டர்கள், எல்லாம் அங்கேதான் கூவுகின்றன. இதில் 1, 6, 11 என்ற மூன்று சானல்கள் ஒன்றோடொன்று மோதாதவை. ரூட்டரின் அமைப்பில் சென்று இவற்றுள் அண்டை வீட்டாரின் கூட்டம் குறைந்த ஒன்றை நிலையாக வைத்தால் பாதித் தொல்லை தீரும். 5 கிகா ஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் தடித்த சுவரைக் கடப்பதில் அதற்குச் சாமர்த்தியம் போதாது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் சில கைப்பேசிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி அறுபடுகின்றன. பெயர்களைப் பிரித்து வைத்துப் பார்க்கலாம். இரும்புப் பீரோவுக்குப் பின்னாலும், தொலைக்காட்சிக்கு அடியிலும் ரூட்டரை ஒளித்து வைப்பவர்கள் அலை வரவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

பழைய ரூட்டர் ஒன்றை இரண்டாம் பெட்டியாக மாடியில் மாட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் விலாசம் வழங்கத் தொடங்கினால் ஒரே விலாசம் இரண்டு கருவிகளுக்குப் போய்ச் சண்டை மூளும். இரண்டாம் பெட்டியில் டி.எச்.சி.பி. என்னும் விலாசம் வழங்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

செய்யத் தகாதவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். பெட்டியின் பின்புறத்திலுள்ள ஊசித் துவாரத்தை அழுத்தாதீர்கள். அது கம்பெனியார் எழுதிவைத்த பயனர் பெயரையும் சேர்த்து அழித்துவிடக் கூடும். கழற்றிய கண்ணாடியிழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கும். அந்த முனையை விரலால் துடைப்பதும், இழையை விரலில் சுற்றி மடிப்பதும் கூடாது. இடி மின்னல் வேளையில் வெடிமருந்துக் கூடங்களில் வேலையை நிறுத்த வேண்டுமென்பது விதி. ஐப்பசி கார்த்திகையில் வானம் இடிக்கும்போது ரூட்டரின் பிளக்கையும் பிடுங்கி வைப்பது விவேகம். கண்ணாடி மின்னலைக் கடத்தாது. மின்சாரக் கம்பியோ கடத்தும்.

வேல்ஸ் தேசத்துக் கிராமம்

வீட்டுப் பழுதைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவது நமக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. வேல்ஸ் தேசத்தில் அபெர்ஹோசன் என்றொரு சிறு கிராமம். ஒன்றரை வருஷ காலம் தினந்தோறும் காலை 7 மணிக்கு அந்த ஊர் முழுவதிலும் இணையம் தடுமாறிற்று. பொறியாளர்கள் கேபிளை மாற்றினார்கள், பலிக்கவில்லை. கடைசியில் 2020-ல் ஒரு குழுவினர் அலைகளை அளக்கும் கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு, விடியற்காலை 6 மணிக்குக் கொட்டும் மழையில் தெருத்தெருவாக நடந்தார்கள். 7 மணி அடித்ததும் ஒரு வீட்டிலிருந்து பெரும் மின் இரைச்சல் புறப்பட்டது. அந்த வீட்டார் தினமும் அந்நேரத்துக்குப் போடும் பழைய டெலிவிஷன் பெட்டி ஒன்றே ஊரின் தாமிரக் கம்பிகளையெல்லாம் கலக்கிக்கொண்டிருந்தது. விஷயத்தை அறிந்த வீட்டார் வெட்கி, அதை இனிப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது எது? தினமும் 7 மணி என்ற அந்த ஒழுங்கு. நண்பர் வீட்டு ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலையைத்தான் செய்தது.

முறையீட்டின் பலம்

இனி, கம்பெனியின் மேல் குற்றம் இருக்கும்போது என்ன செய்வது? அங்கே பணிந்துபோக வேண்டியதில்லை. ட்ராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ம் வருஷத்து விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி ஒரு பதிவு எண் கொடுக்கக் கடமைப்பட்டது. எண் இல்லாத புகார் புகாராகாது. அதைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பதிலில் திருப்தியில்லையானால் கம்பெனிக்குள்ளேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2024-ல் வந்த சேவைத்தர விதிகளின்படி, நிலையான இணைப்பில் ஏற்பட்ட பழுது மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் கட்டணத்தில் கழிவு கேட்க உரிமை உண்டு. அதற்கும் மசியாதவர்களை நுகர்வோர் ஆணையத்தின் முன் நிறுத்தலாம் என்பதை 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்திருக்கிறது.

ஆனால் எந்த அதிகாரியின் முன்னும் "அடிக்கடி நின்றுபோகிறது" என்ற வாக்கியம் செல்லாது. அடிக்கடி என்றால் எத்தனை முறை, எந்த மணி, எந்த விளக்கு என்று கேட்பார்கள், கேட்பது நியாயமே. நம் வீட்டுப் பிளக்கு ஆடிக்கொண்டிருக்கையில் நாம் செய்யும் புகாரைக் கம்பெனியார் சிரித்துத் தள்ளிவிடுவார்கள். அந்தச் சிரிப்போடு அவர்களுடைய கம்பத்துக் குற்றமும் மறைந்துபோகும். நண்பர் இழந்த மாதங்களுக்கு இதுவே காரணம். வீட்டுப் பிழையை முதலில் களைந்தவருடைய முறையீட்டுக்கு மறுமொழி சொல்வது யாருக்கும் எளிதல்ல.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒரே தெருவில் பத்து வீட்டார் ஒரே வாரம் நோட்டு எழுதட்டும். மாலை 6 மணி 10 நிமிஷத்துக்குப் பத்து வீட்டிலும் சிவப்பு விளக்கு எரிந்ததென்றால், அது ஒரு வீட்டின் கோளாறன்று, தெருவின் கோளாறு என்பதை எந்தக் கம்பெனியும் மறுக்க முடியாது. சங்கக் கட்டடத்திலோ வாசகசாலையிலோ ஓர் இளைஞர் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விளக்குகளைப் படிக்கக் கற்றுக் கொடுத்தாலும் போதும். ஒருவர் கற்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

1922-ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டியை வாங்கி வந்து விற்பதோடு அவர்கள் நின்றிருக்கலாம். அவ்வாறு நில்லாமல், அது எப்படிச் செய்யப்படுகிறதென்று கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் ஒரு தொழில் நகரம் எழுந்தது. அந்த ஊரிலே, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியின் நான்கு விளக்குகள் என்ன சொல்கின்றன என்று தெரியாமல் ஆர்டரை இழப்பது தகுமா? அடுத்த முறை இணையம் நிற்கும்போது கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். விளக்கைப் பாருங்கள், மணியைப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள்.